சிங்க்ல ஊத்தின அந்தப் புளிப்பு பீரோட கதை

கேட்டது இதுதான். பிரஸ்ஸல்ஸ் போயிட்டு வந்த ஃப்ரெண்டு ஒருத்தர் ரெண்டு பாட்டில் பீர் கொண்டு வந்து குடுத்திருக்கார். ஷாம்பெயின் மாதிரி கனமான பாட்டில், மேல கார்க். ஒன்னைத் திறந்து ஒரு வாய் வெச்சா எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி புளிப்பு, கூடவே மாட்டுக்கொட்டாய் வாசம். கெட்டுப்போச்சுன்னு முழுசா சிங்க்ல ஊத்திட்டீங்க. இப்ப, நிஜமாவே கெட்டதா இல்ல இதுதான் ஒரிஜினல் டேஸ்டா, ஒரு பீருக்கு எதுக்கு இந்த ஷாம்பெயின் வேஷம்னு கேக்கறீங்க.

கெடலைங்க. மரப்பீப்பாய்ல மூணு வருஷம் வரைக்கும் கிடந்து, அப்புறம் பாட்டில்லயும் பல மாசம் கிடந்து வந்த சரக்கை சிங்க்ல விட்டுட்டீங்க. மனசு பதறுது. சரி, போனது போகட்டும், ரெண்டாவது பாட்டில் இருக்கில்ல, அதைத் திறக்கறதுக்குள்ள இதைப் படிச்சிடுங்க.

இந்த பீரோட பேரு கெஸ். பிரெஞ்சுக்காரன் சொல்றது நம்ம காதுக்கு கிட்டத்தட்ட 'கேஸ்'னு விழும், ஆனா அப்படி எழுதினா நம்மாளுங்க சிலிண்டர் புக்கிங்னு நினைச்சுக்குவாங்க, அதனால கெஸ்னே வெச்சுக்குவோம். பிரஸ்ஸல்ஸ் ஊரும், அதுக்குத் தென்மேற்கே பயோட்டன்லாந்துன்னு ஒரு மேடும் பள்ளமுமான விவசாய பூமியும், நடுவுல ஓடுற சென் ஆறும், இதுதான் இதோட சொந்த ஊர். ஆனா கெஸ் நேரா அடுப்புல இருந்து வர்ற பீர் இல்ல. முதல்ல லாம்பிக்னு ஒரு பீர் காய்ச்சணும், அதுல ஒரு வருஷத்தது, ரெண்டு வருஷத்தது, மூணு வருஷத்ததுன்னு எடுத்துக் கலந்து பாட்டில்ல அடைச்சாதான் கெஸ். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மொத்த ஹிஸ்டரியும் புரியும், ஏன்னா என்னைக் கேட்டா இது காய்ச்சுறவனோட பீர் இல்ல, கலக்குறவனோட பீர், அதை விட முக்கியமா பாட்டிலோட பீர்.

லாம்பிக் எப்படி வருதுன்னு பாருங்க. முளைகட்டின பார்லி, கூட முளைகட்டாத பச்சைக் கோதுமை, பெல்ஜியம் சட்டப்படியே கோதுமை குறைஞ்சது 30 சதவீதம் இருக்கணும். அப்புறம் ஹாப்ஸ், பீருக்குக் கசப்பு குடுக்கற ஒரு கொடியோட பூ, அதுவும் புதுசு இல்ல, ரெண்டு மூணு வருஷம் காய்ஞ்சு கசப்பெல்லாம் போன பழைய ஹாப்ஸ். கசப்புக்காக போடறது இல்லைங்க, கெட்ட பாக்டீரியாவை அடக்கி வைக்கத்தான் போடறாங்க. மணிக்கணக்கா கொதிக்க வெச்ச அந்தச் சாறை அப்படியே மாடிக்கு பம்ப் பண்ணுவாங்க. ஓட்டுக்கூரைக்குக் கீழ, ஒரு ரூம் அகலத்துக்கு, முழங்கால் உயரம் கூட இல்லாத செம்புத் தொட்டி ஒன்னு இருக்கும், அதுக்கு கூல்ஷிப்னு பேரு. கூரை ஓரத்துல காத்து வர்ற இடுக்கெல்லாம் திறந்திருக்கும். ராத்திரி பூரா அது அங்க ஆவி பறக்க ஆறும், காலைல பார்த்தா 20 டிகிரிக்கு வந்திருக்கும், அந்த ஒரு ராத்திரில காத்துல இருக்கற ஈஸ்ட்டு, பாக்டீரியா எல்லாம் வந்து விழுந்திருக்கும். அவ்ளோதான். பாக்கெட்ல இருந்து ஈஸ்ட்டு எடுத்துப் போடறதுங்கற பேச்சே கிடையாது.

நம்ம வீட்ல இட்லி மாவுக்கு யாரு ஈஸ்ட்டு போடறாங்க? அரைச்சு வெச்சா காலைல தானா பொங்கி நிக்குதுல்ல, அதே வேலைதான். இன்னும் சொல்லப்போனா பீடியோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா குடும்பம் இட்லி மாவுலயும் இருக்கும், லாம்பிக் பீப்பாய்லயும் இருக்கும், ரெண்டு இடத்துலயும் புளிப்பு குடுக்கறதுல அதுக்குப் பங்கு உண்டு. வித்தியாசம் என்னன்னா நமக்கு ஒரு ராத்திரி, அவங்களுக்கு மூணு வருஷம்.

பீப்பாய்க்குள்ள நடக்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அனேகமா பழைய ஒயின் பீப்பாய்கள், ஓக் மரம். முதல் கொஞ்ச நாள் மேல் துளையை மூடவே மாட்டாங்க, பழுப்பு நுரை வழிஞ்சு வழிஞ்சு பீப்பாய் வயித்துல காய்ஞ்சு கிடக்கும், பார்க்க அருவருப்பா இருக்கும். முதல் மாசம் சாணி நாத்தம் அடிக்கற பாக்டீரியா கூட்டம் ஆடும், அப்புறம் சாதாரண பீர் ஈஸ்ட்டு வந்து சர்க்கரையைத் தின்னு ஆல்கஹால் ஆக்கும், கோடை வந்து வெயில் ஏறினதும் பீடியோகாக்கஸ் எழுந்து புளிக்க வைக்கும், அந்த நேரத்துல சில பீப்பாய்ல பீர் வழவழன்னு நூல் விடும், வெண்டைக்காயை வெட்டினா வருமே, அந்த மாதிரி. தெரியாதவன் பார்த்தா கீழ ஊத்திடுவான். தெரிஞ்சவன் கம்முனு கதவைச் சாத்திட்டுப் போயிடுவான், ஏன்னா கொஞ்ச மாசத்துல பிரெட்டனோமைசிஸ்ங்கற காட்டு ஈஸ்ட்டு வந்து அந்த வழவழப்பையே தின்னு தீர்த்துடும். நீங்க சொன்ன மாட்டுக்கொட்டாய் வாசம் இவன் வேலைதான். வெள்ளைக்காரங்க குதிரை மேல போர்த்துற கம்பளி வாசம்னு சொல்வாங்க. இந்த ஈஸ்ட்டை முதல்ல பேர் வெச்சு சொன்னது 1904ல, கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் லேப்ல கிளாசன்ங்கறவர், அதுவும் இங்கிலாந்து பீர்ல இருந்து எடுத்தது, அதனாலதான் பேர்ல பிரிட்டன் வாசனை இருக்கு. பிரஸ்ஸல்ஸ் லாம்பிக்லயும் அதுதான் இருக்குன்னு 1921ல கண்டுபிடிச்சாங்க. அதாவது நூறு வருஷத்துக்கு மேல லாம்பிக் குடிச்சவங்களுக்கு அதைப் பண்றது யாருன்னே தெரியாது.

இப்ப ஒரு டவுட்டு வரணும். சாதாரண பீர்ல ஈஸ்ட்டு ஒரு வாரத்துல சர்க்கரையை முடிச்சிடும், இங்க மட்டும் மூணு வருஷத்துக்கு எப்படி தீனி இருக்கு? பதில் மாவுச்சத்து. லாம்பிக் காய்ச்சும்போது கலங்கலான, மாவு மிதக்கற சாறை பாதில உருவி சூடு பண்ணி வேணும்னே முழுசா சர்க்கரை ஆகாம பண்ணுவாங்க. அந்த அரைகுறை மாவுச்சத்து சாதாரண ஈஸ்ட்டுக்குச் செரிக்காது, பிரெட்டனோமைசிஸ் மட்டும் மெதுவா, ரொம்ப மெதுவா அரிக்கும். இந்த முறை ஏன் அங்க இப்படி வேர் விட்டுச்சுன்னா அதுக்குப் பின்னாடி ஒரு வரிக்கணக்கும் இருக்குங்க. 1822ல, பெல்ஜியம்னு தனி நாடே இல்லாம நெதர்லாந்தோட சேர்ந்திருந்த காலத்துல, தானியம் ஊற வைக்கற தொட்டியோட கொள்ளளவைப் பார்த்து வரி போட்டாங்க. எவ்ளோ பீர் எடுத்தேங்கறது கணக்கில்ல, தொட்டி எவ்ளோ பெருசுங்கறதுதான் கணக்கு. அப்ப காய்ச்சுறவன் என்ன பண்ணுவான், சின்னத் தொட்டில தானியத்தை வாய் வரைக்கும் அமுக்குவான், பச்சைக் கோதுமை இடத்தை அடைக்காதுன்னு அதைச் சேர்ப்பான், சாறை உருவி வேற பாத்திரத்துல காய்ச்சுவான். 1830ல நாடு தனியா பிரிஞ்ச பிறகும் இந்த வரி முறை பல காலம் ஓடுச்சு. வரி கட்டாம தப்பிக்கப் போட்ட வேஷம் பிற்பாடு பாரம்பரிய முறை ஆயிடுச்சு, நம்ம ஊர்லயும் இப்படி எத்தனை இருக்கும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். மரப்பீப்பாய் கேஸைப் பிடிச்சு வைக்காது, மெதுவா கசிய விட்டுடும். அதனால பீப்பாய்ல இருந்து நேரா பிடிச்ச லாம்பிக்ல நுரையே இருக்காது, ஒயின் மாதிரி சப்புனு கிடக்கும், இன்னைக்கும் பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல பேர்செல்ங்கற ஊர்ல சில கடைல மண் ஜாடில ஊத்தித் தருவாங்க. 19ஆம் நூற்றாண்டு பிரஸ்ஸல்ஸ்ல சாதா ஜனம் குடிச்சது பெரும்பாலும் ஃபாரோ, அதாவது லாம்பிக்ல தண்ணி மாதிரி ஒரு லேசான பீரைக் கலந்து சர்க்கரை போட்டது. புளிப்பை மறைக்க சர்க்கரை, புளிக்குழம்புல வெல்லம் போடற அதே லாஜிக். நுரை பொங்குற புளிப்பு பீர் வேணும்னா பிரஷர் தாங்குற கண்ணாடி வேணும். பழைய கண்ணாடி பாட்டில்ல அடைச்சா வெடிச்சிடும். நிலக்கரி உலைல செய்யற கனமான கண்ணாடி இங்கிலாந்துல 17ஆம் நூற்றாண்டுல வந்தது, ஷாம்பெயின் பிழைச்சதே அதாலதான், அது பரவி, மலிவாகி, காலி ஷாம்பெயின் பாட்டில் கழுவிக் கழுவி திரும்ப உபயோகிக்கற அளவுக்கு ஊருக்குள்ள சேர்ந்த பிறகுதான் கெஸ் ஒரு தொழிலா நிக்குது. ஒரு ஊர் மேயர் வீட்ல கிடந்த காலி ஷாம்பெயின் பாட்டில்ல லாம்பிக்கை ஊத்தி வெச்சாரு, அதான் ஆரம்பம்னு ஒரு கதை சொல்வாங்க, கதை அழகா இருக்கு, அவ்ளோதான் நான் சொல்வேன்.

இந்த இடத்துல டூரிஸ்ட் கைடுங்க மேல எனக்கு ஒரு கடுப்பு. 16ஆம் நூற்றாண்டு ஓவியர் புரூகல் வரைஞ்ச கல்யாண விருந்து ஓவியத்துல ஜாடில ஊத்தறது லாம்பிக்தான், 500 வருஷமா மாறாத பீர்னு அடிச்சு விடுவாங்க. புரூகல் அந்தப் பக்கத்து கிராமங்களை வரைஞ்சது நிஜம், ஜாடி இருக்கறதும் நிஜம், ஜாடிக்குள்ள என்னன்னு ஓவியத்துல எப்படிங்க தெரியும்? கோதுமை போட்ட பீர் அங்க ரொம்பப் பழசு, சந்தேகமில்ல. ஆனா லாம்பிக்ங்கற பேரே காகிதத்துல தெரிய ஆரம்பிக்கறது 18ஆம் நூற்றாண்டு கடைசிலதான். அந்தப் பேரு லெம்பேக்ங்கற ஊர்ல இருந்து வந்துச்சா, வடிகலத்தைச் சொல்ற அலம்பிக்ல இருந்து வந்துச்சான்னு ஒரு சண்டை தனியா ஓடுது. பாட்டில்ல நுரைக்கற கெஸ் அதை விடவும் இளசு, முழுக்க 19ஆம் நூற்றாண்டுப் பிள்ளை, ரயிலும் கண்ணாடித் தொழிற்சாலையும் வளர்ந்த காலத்து சமாச்சாரம்.

பாட்டில்ல என்ன நடக்குதுன்னா, ஒரு வருஷ லாம்பிக்ல இன்னும் திங்காத தீனி மிச்சம் இருக்கும், மூணு வருஷத்துல தீனி தீர்ந்து போய் வாசனையும் அந்தக் காட்டு ஈஸ்ட்டும் மட்டும் நிக்கும். ரெண்டையும் சேர்த்தா கிழவனுக்குச் சோறு கிடைச்ச மாதிரி. மறுபடியும் மெதுவா நொதிச்சு கார்பன் டை ஆக்சைடு வரும், இந்த தடவை வெளிய போக வழியில்ல, பீருக்குள்ளயே கரைஞ்சு நிக்கும். ஷாம்பெயின்ல சர்க்கரை போட்டு செய்யறதை இங்க இளம் பீர் செய்யுது. இளசு அதிகமா போயிட்டா பாட்டில் வெடிக்கும், கம்மியா போனா நுரையே வராது, அதனால கலக்குறவன் நாக்குதான் எல்லாம். ஒரு பீப்பாய் மாதிரி இன்னொரு பீப்பாய் இருக்காது, பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் ஒன்னு வினிகர் ஆயிருக்கும் இன்னொன்னு தேன் மாதிரி இருக்கும். சின்னக் குழாய்ல ஒவ்வொன்னா பிடிச்சு மோந்து, குடிச்சு, இது 20 பங்கு அது 5 பங்குன்னு முடிவு பண்ணணும்.

அதனாலதான் அந்த ஊர்ல காய்ச்சவே காய்ச்சாத பீர் கம்பெனிகள் இருந்துச்சு. காய்ச்சுறவன்கிட்ட சாறு வாங்கி, தன் பீப்பாய்ல வளர்த்து, தானே கலந்து பாட்டில் போடறவங்க. பிரஸ்ஸல்ஸ் காஃபே ஓனர்களே நிறைய பேரு கடைக்குக் கீழ நிலவறைல இந்த வேலை பண்ணினாங்க, ஒவ்வொரு கடைக்கும் தனி ருசி. பிரஸ்ஸல்ஸோட ஒரு பகுதியான ஆண்டர்லெக்ட்ல இருக்கற காந்தியோன்ங்கற பீர் கம்பெனி கூட 1900ல இப்படி கலக்குற கடையாத்தான் ஆரம்பிச்சது, சொந்தமா காய்ச்ச ஆரம்பிச்சது 1930கள் கடைசிலதான்.

முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரன் பெல்ஜியத்துக்குள்ள வந்ததும் பீர் காய்ச்சுற ப்ரூவரிகள்ல இருந்த செம்பை உருவிட்டுப் போனான், செம்புத்தொட்டி போச்சு, கோதுமையும் ரேஷன். நிறைய பேரு திரும்ப எழவே இல்ல. அடுத்த அடி வெளிய இருந்து வரல, இனிப்பு ரூபத்துல உள்ள இருந்தே வந்துச்சு. ரெண்டாம் போருக்கு அப்புறம் ஜனங்களுக்கு கோக்கும், லாகர்ங்கற புளிப்பில்லாத சாதா பீரும் நாக்குல ஏறிடுச்சு, புளிப்பு யாருக்கு வேணும்? பெல்-வ்யூன்னு ஒரு கம்பெனி, 1913ல கலக்குற கடையா ஆரம்பிச்சது, அது கெஸ்ஸை வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, நொதிக்காம சூடு பண்ணி, சின்ன பாட்டில்ல சோடா மூடி போட்டு வித்துச்சு. பிச்சுக்கிட்டுப் போச்சு. அதை நடத்தின கான்ஸ்டன்ட் வாண்டன் ஸ்டாக்கை ஃபுட்பால் பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆண்டர்லெக்ட் கிளப்போட தலைவரா இருந்தவர், ஸ்டேடியத்துக்கே பல வருஷம் அவர் பேருதான். சுத்தி இருந்த சின்னச் சின்ன ப்ரூவரிகளை ஒவ்வொன்னா வாங்கி வாங்கி மூடினாங்க, கடைசில 1990கள் தொடக்கத்துல பெல்-வ்யூவையே இன்டர்ப்ரூங்கற பெரிய பீர் கம்பெனி வாங்கிடுச்சு. வாண்டன் ஸ்டாக்கை வில்லன்னு சொல்றவங்க உண்டு, நான் அப்படி சொல்ல மாட்டேன், ஜனம் எதை வாங்குச்சோ அதை வித்தாரு. ஆனா கெஸ்னா இனிப்பு சோடான்னு ஒரு தலைமுறையே நம்பினதுக்கு அவர் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்துல இதைக் காப்பாத்தினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். காந்தியோன்ல மாப்பிள்ளையா வந்த ஜான்-பியர் வான் ராய், மாமனார் ப்ரூவரியை எடுத்தாரு. பீர் வித்துக் கட்டுபடியாகலன்னு 1978ல ப்ரூவரியையே மியூசியமா திறந்து டிக்கெட் போட்டாரு. நான் போயிருக்கேன், மாடில ஏறினா பீப்பாய் இடுக்கெல்லாம் சிலந்தி வலை, ஒட்டடை அடிக்கவே மாட்டாங்க, கேட்டா சிலந்திதான் எங்க வாட்ச்மேன், பீப்பாய்க்கு வர்ற பழ ஈயைப் பிடிக்குதுன்னாங்க. எங்கம்மா பார்த்திருந்தா துடைப்பத்தோட ஏறியிருப்பாங்க. லெம்பேக்ல ஃபிராங்க் போன்ங்கற சின்னப்பையன் 1975ல, ஊரே இதை மூடிக்கிட்டு இருக்கும்போது, லாம்பிக் கலக்கற வேலையை ஆரம்பிச்சு, அப்புறம் ஒரு பழைய கலக்குற கடையை எடுத்து நடத்தினாரு. அப்புறம் பேர்செல்ல த்ரீ ஃபோன்டெய்னன்ங்கற கலக்குற கடையை நடத்தின அர்மான் டெபெல்டர். 1997ல அர்மான், போன் மாதிரி ஆளுங்க சேர்ந்து ஒரு சங்கம் வெச்சாங்க, அதே வருஷம் ஐரோப்பிய யூனியன்ல ஒரு பாதுகாப்பும் கிடைச்சது. லேபிள்ல டச்சுல 'அவுடே', இல்லன்னா பிரெஞ்சுல 'வியே'ன்னு, அதாவது பழையதுன்னு போட்டா அதுல முழுக்க லாம்பிக் மட்டும்தான் இருக்கணும், பாட்டில்லயே நொதிச்சிருக்கணும். அந்த வார்த்தை இல்லாம வெறும் கெஸ்னு இருந்தா இனிப்பு போட்டதா இருக்க சான்ஸ் அதிகம்.

அர்மானுக்கு 2009ல நடந்தது கொடுமை. பாட்டில் அடுக்கி வெச்ச ரூம்ல தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் ஓடிக்கிட்டே இருந்திருக்கு, சூடு ஏறி ஆயிரக்கணக்குல பாட்டில் வெடிச்சது, வெடிக்காததும் வெந்து போச்சு. கடையே முழுகிடுற நிலைமை. வெளிநாட்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து, மிச்ச பாட்டில்களைக் கையால ஒவ்வொன்னா திறந்து ஊத்த உதவி பண்ணினாங்க, அதைக் காய்ச்சி வடிச்சு சாராயமா வித்துத்தான் மூச்சு விட்டாரு. 2022ல இறந்துட்டாரு.

சூடு இந்த பீருக்கு என்ன பண்ணும்னு எனக்கும் தெரியும், ரொம்பச் சின்ன அளவுல. ஒரு பாட்டிலை மே மாசம் எங்க வீட்டுப் பரண்ல வெச்சுட்டேன். கார்க்கைத் தளர்த்தினதும் முக்கால்வாசி சீலிங்ல, மீதி என் சட்டைல. வாசம் ரெண்டு நாள் போகல, பக்கத்து வீட்டு அக்கா என்னங்க ஊறுகாய் உடைஞ்சிடுச்சான்னு கேட்டாங்க.

இப்ப நிலைமை தலைகீழ். அமெரிக்காக்காரன் தேடித் தேடி வாங்கறான், 2007ல மெய்ன் மாநிலத்துல அலகாஷ்ங்கற ப்ரூவரி அங்கயே ஒரு கூல்ஷிப் கட்டி இந்த முறைல காய்ச்சுச்சு, ஆனா மரியாதையா அதுக்கு லாம்பிக்னு பேரு வைக்கல. பெல்ஜியத்துலயே தில்கான்னு ஒருத்தர் காய்ச்சவே காய்ச்சாம, சாறு வாங்கிக் கலக்குற பழைய தொழிலைப் புதுசா தொடங்கி 2011ல பாட்டில் இறக்கினாரு. லாம்பிக் காய்ச்சுறவங்களோட புதுக் கவலை வானிலை. கூல்ஷிப்ல இருக்கற சாறு ராத்திரில ஒழுங்கா ஆறணும்னா வெளிய மைனஸ் 3ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதனால முன்னாடி அக்டோபர்லயே காய்ச்ச ஆரம்பிச்சவங்க இப்ப நவம்பர் வரைக்கும் வானத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. ஏசி போட்டு ஆற வைக்கலாமேன்னு கேக்காதீங்க, அடிக்க வந்துடுவாங்க.

பெர்லின்லயும் பாட்டில்ல நொதிக்கற புளிப்பு பீர் ஒன்னு உண்டு, பெர்லினர் வைஸ, அங்கயும் கடைக்காரங்களே பாட்டில் போட்ட காலம் இருந்தது. இன்னைக்குப் பெரும்பாலும் பச்சை சிரப், சிவப்பு சிரப் ஊத்தித்தான் குடிக்கறாங்க. அதைப் பார்த்தா கெஸ் எவ்ளோ தப்பிச்சுருக்குன்னு தெரியும்.

உங்க ரெண்டாவது பாட்டில். லேபிள்ல அவுடே இல்ல வியேன்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா அவசரமே இல்ல, 10 வருஷம் கழிச்சும் நல்லாருக்கும், வெயில் படாத, சூடில்லாத இடத்துல படுக்க வைங்க. குடிக்கறதா இருந்தா ஒரு நாள் முன்னாடி எடுத்து நிமித்தி வைங்க, அடில ஈஸ்ட்டு வண்டல் இறங்கட்டும். பெல்ஜியத்துல படுத்த வாக்குலயே ஒரு பிரம்புக் கூடைல வெச்சு சாய்ச்சு ஊத்துவாங்க, நமக்கு அது வேண்டாம். ஐஸ் மாதிரி குளிர வைக்காதீங்க, வாசம் அமுங்கிடும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து கால் மணி நேரம் விடுங்க. கார்க்கைத் துணியால பிடிச்சு மெதுவா திருகுங்க, சீலிங்கைப் பாத்துக்கங்க. முதல் வாய் உங்களுக்குப் பிடிக்காது, தெரிஞ்சதுதான். ரெண்டு நிமிஷம் விட்டு மூணாவது வாய் குடிச்சுப் பாருங்க, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நனைஞ்ச வைக்கோல்னு ஒவ்வொன்னா வரும். அதுக்கும் பிடிக்கலன்னா சிங்க்ல ஊத்தாதீங்க, எனக்கு சொல்லி அனுப்புங்க.